முக்காக் கடை

அந்த அம்மா கொடுத்த டீ ஒரு நாளும் கிளாஸ் நிறைய இருந்ததில்லை. முக்கால் அளவு வந்ததும், அதற்கு மேல் ஒரு சொட்டு விழாமல் பாத்திரத்தை நிமிர்த்திவிடுவார். எனக்கு வாயை அடக்கத் தெரியாது. முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"இன்னாம்மா, பாலுக்குப் பஞ்சமா?"

"இல்ல சார். மேல கொஞ்சம் எடம் வேணும். அங்கதான கை புடிக்கும்?"

கண்ணாடி கிளாஸ். டீ இருக்கிற இடமெல்லாம் கொதித்தது. டீ இல்லாத விளிம்பில் மட்டும் விரல் வைக்க முடிந்தது. இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விட்டார். சரியான கஞ்சம், அதற்கு ஒரு காரணம் வேறு கண்டுபிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்குப் போகிற சாலையில், கச்சிராயபாளையத்திலிருந்து ஏறி வந்தால் கடைசி வளைவு முடிகிற இடத்தில் அவருடைய கடை இருந்தது. டீ, பிஸ்கட், சோப்பு, மதியம் ஒரு வேளை சோறு. என்னைவிட நாலைந்து வயது இளையவர். மலையில் பிறந்து வளர்ந்தவர். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஊர்க்காரர்கள் முக்காக் கடை என்பார்கள். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

எனக்கு அப்போது மின்வண்டிகளுக்குச் சார்ஜிங் பாயின்ட் அமைக்கிற ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் வேலை. கள்ளக்குறிச்சியில் அலுவலகம். சின்னசேலம் ரயிலடி ஓரம் ஒன்று போட்டோம். நைனார்பாளையத்தில் உரக்கடை வாசலில் ஒன்று. அங்கே திறந்த மறுநாளே, கல்யாணத்துக்குச் சீரியல் லைட் மாட்டிக்கொள்ளலாமா என்று ஒருவர் பெரிய மனிதத் தோரணையில் வந்து கேட்டார். சமவெளியில் இடம் பிடிப்பது இப்படிச் சிரிப்போடு போய்விடும். மலைதான் சிக்கல். போனில் பணம் கட்டிச் சார்ஜை ஆரம்பிக்க வேண்டும், ஆனால் அங்கே பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. அதனால் மலைமேல் மட்டும் ஒரு பொறுப்பாளரை வைத்து, அவர் கையில் ஒரு கார்டைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. கார்டைப் பெட்டியில் காட்டினால் கரண்ட் வரும். கடைக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு பிளக் உள்ள பெட்டியை மாட்டினேன். கார்டை அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.

"இது ஒண்ணு நல்லா ஓடுச்சுன்னா, மலைக்கு இன்னும் நாலு தருவோம்," என்று எங்கள் மேலாளர் சொல்லியிருந்தார். நான் அதை அந்த அம்மாவிடமும் சொன்னேன். பஸ் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய மலை அது. உள்ளூரிலேயே சார்ஜ் போட முடிந்தால் ஷேர் ஆட்டோக்கள் மேலேயே நிற்கும், உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களுக்கும் போகும்.

"நாலு வந்தா அந்தக் கடேசி ஊரு வரைக்கும் ஆட்டோ போவுமா சார்?" என்று கேட்டார்.

"போவும்."

"அப்ப இத கெடுக்காம பாத்துக்கணும்," என்றார்.

மதியச் சோறும் அவரிடம் அப்படித்தான். சாமைச் சோற்றைத் தட்டின் ஒரு பக்கமாக, பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக வைப்பார். பசியோடு உட்கார்ந்தவனுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். "கொழம்பு எங்க ஊத்தறது சார்?" என்பார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டால் முகம் சுளிக்காமல் வைப்பார். கஞ்சத்தனம் இல்லை என்பது மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்ட அன்றுதான் எனக்கு உறைத்தது.

மலையூர்களில் விளைகிற சாமை அவர் கடையில்தான் வந்து சேரும். ஒரு நாள் கீழேயிருந்து வந்த வியாபாரி ஒருவர் சாமை மூட்டைகளைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வியாபாரி கொண்டுவந்த சாக்குகளை அந்த அம்மா முழுக்க நிரப்பாமல், மேலே ஒரு சாண் விட்டுக் கட்டியிருந்தார். இன்னும் அழுத்திப் போட்டிருந்தால் இரண்டு சாக்கு மிச்சமாகியிருக்கும் என்பது அவர் கணக்கு. அம்மா ஒரு மூட்டையை அந்தக் கழுத்தில் பிடித்து, ஒரே தூக்கில் வண்டிக்கு ஏற்றினார். வியாபாரி தானே அழுத்தி நிரப்பி வைத்திருந்த வேறொரு மூட்டையைக் காட்டி, "இத தூக்குங்க," என்றார். அந்த ஆள் கட்டிப்பிடித்துப் பார்த்தார். மூட்டை உருண்டது. பிடிக்க இடமில்லை. அம்மா சிரிக்கக்கூட இல்லை. அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அந்த வியாபாரியை ஒரு வாரத்துக்குக் கிண்டல் பண்ணியிருப்பேன்.

பேச்சிலும் அதே குணம்தான். வாக்கியத்தை முடிக்க மாட்டார். "அவரு வந்தாருன்னா..." என்று சொல்லி நிறுத்திவிடுவார். மீதியை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். சண்டையிலும் பாதியில் நிறுத்துவார். எதிராளி முழு மூச்சாகக் கத்திக்கொண்டிருக்க, இவர் இரண்டு சொல்லோடு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். பார்க்கிறவர்களுக்கு இவர் தோற்றுவிட்டதாகத் தோன்றும்.

அந்தச் சண்டைகளில் பாதி கோவிந்தனோடு. கோவிந்தன் மின் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கச்சிராயபாளையத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் மேலே வருவார். மதியம் இங்கே சார்ஜ் போட்டு, சாயங்காலம் ஆட்களோடு இறங்குவார். அவருடைய புகார் ஒன்றே ஒன்று. வண்டி தொண்ணூறு சதவீதம் தொடுவதற்குள் அந்த அம்மா பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்.

அவர் வண்டி மட்டுமில்லை. அருவி பார்க்க வருகிற ஸ்கூட்டர்களுக்கும் அதே கதிதான். மலையிறங்குகிற வண்டி எதையும் அவர் முழுசாக நிரப்ப விட்டதில்லை. ஆனால் மலைக்குள்ளேயே சுற்றுகிற இரண்டு ஸ்கூட்டர்களை மட்டும் நூறு வரை விட்டார். அதையும் கோவிந்தன் பார்த்து வைத்திருந்தார். உள்ளூர்க்காரனுக்கு ஒரு நியாயம், கீழே இருந்து வருகிறவனுக்கு ஒரு நியாயமா என்று அலுவலகத்துக்கே போன் போட்டுவிட்டார்.

நான் போய் விசாரித்தேன்.

"மேலருந்து எறங்கறவங்க ரொப்பிக்கினு போவக் கூடாது சார்," என்றார். "கீழ போறப்ப அதுவே கொஞ்சம் ரொம்பும். எடம் இல்லன்னா அது எங்க போயி..."

வழக்கம் போல நிறுத்திவிட்டார். எனக்கு விஷயம் தெரியும் என்ற நினைப்பு. மின்வண்டி இறக்கத்தில் ஓடும்போது, ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்படிப் பிடிக்கிறபோது உண்டாகிற கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும். அந்தக் கரண்ட் வீணாகிறதே என்று கவலைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். முக்காக் கடைக்காரருக்கு வேறென்ன கவலை இருக்கப் போகிறது?

"போனா போவட்டும்மா. கொஞ்சூண்டு கரண்டுதான?"

"நான் கரண்ட சொல்லல சார்," என்றார். அந்த நேரம் பார்த்து இரண்டு பெண்கள் சோப்பு வாங்க வந்தார்கள். அவர்களைப் பார்த்தார், சோப்பை எடுக்கப் போய்விட்டார்.

அலுவலகத்துக்கு வந்து அறிக்கை எழுதினேன். அவர் பெயரைப் போட்டு, 'பொறுப்பாளருக்கு மின்வாகனங்கள் பற்றிய விவரம் போதவில்லை, சொன்னாலும் கேட்பதில்லை' என்று எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு, "ரொப்பாத பாயின்டுக்கு எவன் வருவான்? ஆள மாத்து. இல்லன்னா மலையே வேணாம், அந்த நாலையும் களமருதூர் பக்கம் போட்டுக்கலாம்," என்றார்.

மறுநாள் காலை நிறுவனத்தின் மின் லோடு ஆட்டோவில் கேபிள் சுருள்கள், ஏணி எல்லாம் ஏற்றிக்கொண்டு மலையேறினேன். ஒரு பிளக்கில் என் வண்டியை மாட்டி, நூறு ஆகும் வரை யாரும் தொடக் கூடாது என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த பாயின்டுகளுக்கு இடம் பார்க்கப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது இன்னொரு பிளக்கில் கோவிந்தனின் ஆட்டோ இருந்தது. சீட் போய்விடும் என்று ஆட்கள் சார்ஜ் ஏறும்போதே உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். மடியில் குழந்தையோடு ஒரு பெண், பலாப்பழத்தைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர், இன்னும் நாலைந்து பேர். அந்த அம்மா பிளக்கில் கை வைத்துக்கொண்டு நின்றார். கோவிந்தன் எதிரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"அந்தக் கார்ட குடும்மா," என்றேன். எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை.

"சார், எறங்கறப்ப..." என்று ஆரம்பித்தார். ஆட்டோவுக்குள் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்களும் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து கார்டை எடுத்து, முந்தானையில் ஒரு தடவை துடைத்து, என் கையில் கொடுத்தார்.

அதை அங்கேயே கோவிந்தனிடம் கொடுத்தேன். என் வண்டியில் நூறு என்று காட்டியது. "பாரும்மா, இதான் சார்ஜு," என்று அவரிடம் காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். இதை எழுதும்போது எனக்கே என்னை அறையலாம் போல இருக்கிறது.

முதல் வளைவில் வழக்கம் போல ஆக்சிலேட்டரை விட்டேன். வண்டி பிடிக்கவில்லை. இவ்வளவு நாளும் காலைத் தூக்கினாலே தயங்கி நின்ற வண்டி, பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டது போல ஓடியது. பிரேக்கை மிதித்தேன். கேபிள் சுருள் முன்னால் உருண்டு வந்து முதுகில் இடித்தது. இரண்டாம் வளைவில் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே இறங்கினேன். மூன்றாம் வளைவில் கருகல் வாடை வந்தது. மிதித்தால் கால் ஆழமாகப் போனது. ஓரத்து மண்மேட்டில் சக்கரத்தை உரசி ஒரு வழியாக நிறுத்தினேன். கீழே இறங்கிச் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தேன்.

பேட்டரியில் இடமில்லை. இடமில்லை என்றால் மோட்டார் எதைப் பிடித்து வண்டியை நிறுத்தும்? அது பிடிக்காது, மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பயிற்சி வகுப்பில் ஒரு நாள் ஒரு வரியாகச் சொன்னார்கள். சமவெளியில் வேலை பார்க்கிறவனுக்கு அது என்றைக்கும் தேவைப்பட்டதில்லை. அந்த அம்மா கரண்டைப் பற்றிப் பேசவில்லை. டீ கிளாஸில் சொன்னதையேதான் சொல்லியிருக்கிறார். கை பிடிக்க இடம் வேண்டும்.

அடுத்த நொடி கோவிந்தனின் ஆட்டோ ஞாபகம் வந்தது. குழந்தையோடு அந்தப் பெண். பலாப்பழப் பெரியவர். நான் கிளம்பும்போதே தொண்ணூறைத் தாண்டியிருந்தது. போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. பிரேக் ஆறும் வரைக்கும் காத்திருக்கவில்லை. வண்டியைத் திருப்பி மேலே ஓட்டினேன். ஏறுகிற ஒவ்வொரு வளைவிலும் அந்த ஆட்டோ எதிரில் வந்துவிடுமோ என்று ஹாரனை அடித்துக்கொண்டே போனேன். இறங்க அந்தப் பக்கம் வேறு வழி கிடையாது.

கடைக்கு வந்தால், ஆட்டோ இல்லை.

"கோவிந்தன் எங்க?" என்று கத்தினேன்.

"மேட்டுக்கொட்டாய்க்கு ஒரு மூட்ட சாமை ஏத்தி அனுப்பியிருக்கேன் சார்," என்றார், டம்ளரைக் கழுவிக்கொண்டே. "அங்க குடுத்துட்டு வந்து அப்பறம் எறங்குவாரு. ஏறிட்டு வந்தாருன்னா..."

இந்த முறை மீதி வாக்கியம் எனக்குப் புரிந்தது. மேட்டுக்கொட்டாய் இன்னும் உயரத்தில் இருக்கிறது. பாரத்தோடு அந்த ஏற்றம் ஏறினால் பேட்டரி நன்றாக இறங்கிவிடும். திரும்பி வரும்போது சார்ஜ் கொஞ்சம் ஏறினாலும் மலையிறங்குவதற்கு வேண்டிய இடம் மிச்சமிருக்கும்.

"ஆளுங்க?"

"எறங்குனா சீட்டு போயிடும்னு அவங்களும் கூடவே போயிருக்காங்க. சும்மா ஒரு சுத்து."

கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒன்று தெரிந்தது. அந்த மூட்டை அன்று காலையில்தான் மேட்டுக்கொட்டாயிலிருந்து வந்திருந்தது. நாளைக்கு அதை இன்னொரு வண்டியில் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பெட்டி மாட்டிய முதல் வாரமே அந்த அம்மா கோவிந்தன் ஆட்டோவின் முன்சீட்டில் உட்கார்ந்து கீழே போயிருக்கிறார், அதை அப்போதுதான் சொன்னார். அன்று முழு சார்ஜ். மூன்று வளைவுக்கு வண்டி தறிகெட்டு ஓடியிருக்கிறது. கோவிந்தன் பிரேக்தான் கெட்டுவிட்டது என்று பிரேக் ஷூவை மாற்றினார். அடுத்த தடவை அரை சார்ஜில் போனபோது பிரேக்கைத் தொடாமலே வண்டி அடங்கி இறங்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்த அம்மா தானாகவே இந்த முடிவுக்கு வந்திருக்கிறார். மின்வண்டி படித்தவன் நான். கண்டுபிடித்தது அவர்.

"அன்னிக்கே பிரேக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா?" என்றேன். குற்றத்தை அவர்மேல் கொஞ்சம் தள்ளிவிட முடியுமா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

"கோவிந்தங்கிட்ட சொன்னா ஊரெல்லாம் சொல்லுவாரு. உங்ககிட்ட சொல்ல வந்தா யாராச்சும் நின்னுக்கினு இருந்தாங்க. இன்னிக்கு ஆட்டோல ஆளுங்க ஒக்காந்துக்கினு இருந்தாங்க சார்," என்றார். "கரண்டு வண்டிக்கு பிரேக் புடிக்காதுன்னு அவங்க காதுல வுழுந்துச்சுன்னா, நாளைக்கு மலைல ஒருத்தரும் அதுல ஏற மாட்டாங்க. அப்பறம் இந்தப் பொட்டி எதுக்கு? அந்தக் கடேசி ஊருக்கு எப்படி..."

கார்டு போனாலும் பரவாயில்லை, பெட்டி இருக்கட்டும் என்று அவ்வளவு பேர் முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கோவிந்தன் வந்ததும் அவரைத் தனியாகக் கூட்டிப்போய் விவரம் சொன்னேன். கார்டை அவரே கொண்டுபோய் அந்த அம்மாவிடம் நீட்டினார். அடுத்த வாரத்துக்குள் மற்ற டிரைவர்களிடமும் ஒவ்வொருவராகச் சொன்னேன். 'இறங்கும் வண்டிகள் தொண்ணூறுக்கு முன்பே நிறுத்தவும், பேட்டரி நீண்ட நாள் உழைக்கும்' என்று பெட்டிக்கு மேலே ஒரு பலகை வைத்தேன். அதுவும் பொய் இல்லை. படித்தவர்கள் யாரும் பயப்படவில்லை. ஆட்டோக்கள் ஓடின. மலைக்கு அந்த நாலும் வந்தன, ஒன்று அந்தக் கடைசி ஊரிலேயே.

இனி சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

மலைப் பாயின்டுகளுக்கான அந்த விதியை அலுவலகத்துக்கு எழுதியபோது, 'கள ஆய்வில் கண்டறியப்பட்டது' என்று எழுதினேன். யார் கண்டறிந்தது என்று எழுதவில்லை. அந்த இடத்தை மேலாளர் தானே நிரப்பிக்கொண்டார். நாலையும் திறந்துவைத்த அன்று, முக்காக் கடைக்கு எதிரில் பந்தல் போட்டு, மைக் பிடித்து, "நம்ம ஆளு உயிரப் பணயம் வெச்சு இந்த மலைல கண்டுபிடிச்ச விஷயம்," என்று என் தோளில் கை போட்டுச் சொன்னார். சால்வை போட்டார். கைதட்டினார்கள். கோவிந்தன் தட்டவில்லை. மைக் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அந்த அம்மா தட்டில் டீ கொண்டுவந்தார். எல்லாம் முக்கால் கிளாஸ். என்னிடம் வந்ததும் கொஞ்சம் நின்றார்.

"சூடா இருக்குது சார். மேல புடிங்க."

அதற்கப்புறம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. களமருதூர், உளுந்தூர்பேட்டைப் பக்கம் போட்டுவிட்டார்கள். அங்கே எல்லாம் சமதரை, வண்டிகளை நூறு வரைக்கும் நிரப்பலாம். எங்கள் அலுவலகத்தில் அவர் பெயர் இருக்கிற ஒரே தாள், அவருக்கு விவரம் போதவில்லை என்று நான் எழுதிய அந்த அறிக்கைதான். இங்கேயும் பெயரை எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது. கேட்க வேண்டும் என்றால் முதலில் நேரில் போய், அன்று மைக்கில் சொல்லாததைச் சொல்ல வேண்டும். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அவர் கடையில் இருக்கலாம். இன்னும் போகவில்லை.